பைத்தான் நிரலிலிருந்து சொந்தக் கணினியில் பிளாஸ்ட் தேடலை ஓட்டுவது எப்படி? (மாந்தோப்புப் பூஞ்சை வரிசைகள்)

தருமபுரி_முதுகலை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரியில் முதுகலை தாவரவியல் படிக்கிறேன். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்து மாந்தோப்புகளில் கரும்புள்ளியும் அழுகலும் கண்ட பெங்களூரா, நீலம் காய்களிலிருந்து எங்கள் துறையில் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஐ.டி.எஸ். பகுதியின் (பூஞ்சைகளை இனங்காண உதவும் பகுதி) டி.என்.ஏ. வரிசைகளை வெளி ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பெற்றிருக்கிறோம். இருநூறுக்குச் சற்று மேற்பட்ட அந்த வரிசைகள் தனித்தனி ஃபாஸ்டா கோப்புகளாக (தலைப்பு வரியும் வரிசையும் கொண்ட எழுத்துக் கோப்புகள்) என் மடிக்கணினியில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆந்த்ராக்னோஸ் நோயை உண்டாக்கும் கொலெட்டோட்ரிக்கம் பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஒரு வரிசைக்கு ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடித்தரும் பிளாஸ்ட் நிரலைப் பயன்படுத்துகிறேன். இதுவரை பயோபைத்தான் என்ற உயிரியல் நிரல்தொகுப்பில் உள்ள கியூ-பிளாஸ்ட் வழியாக ஒவ்வொரு வரிசையாக, அமெரிக்காவின் உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையமான என்.சி.பி.ஐ.யின் சர்வருக்கு அனுப்பிவந்தேன். சில வரிசைகள் போன பிறகு பதில் வருவது மிகவும் தாமதமாகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. ஆகவே பிளாஸ்ட் பிளஸ் மென்பொருளை விண்டோஸில் நிறுவி, என்.சி.பி.ஐ. தரும் பூஞ்சை ஐ.டி.எஸ். தரவுத்தளத்தையும் இறக்கி வைத்துக்கொண்டேன். இப்போது பைத்தானில் ஒரு சுழற்சி எழுதி, கோப்புக்கு ஒருமுறை பிளாஸ்ட்-என் நிரலை அழைத்து, எக்ஸ்.எம்.எல். விடையைப் படித்து வருகிறேன்.

என் ஐயங்கள் இவை. பழைய கையேட்டில் கண்ட பயோபைத்தான் கட்டளை வகுப்பு, கைவிடப்பட்டது என்ற எச்சரிக்கையைக் காட்டுகிறது; அதற்கு மாற்று என்ன? கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால் தரவுத்தளம் காணப்படவில்லை என்று நிரல் நின்றுவிடுவது ஏன்? அட்டவணை வடிவில் விடை கேட்டபோது சில வரிசைகளின் பெயரே அதில் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வரிசைக்கு இணையதளம் ஓர் ஈ-மதிப்பையும் என் கணினி வேறோர் ஈ-மதிப்பையும் தருகின்றன. ஆய்வேட்டில் எதை எழுதுவது?

ஓசூர்_நிரலர் எழுதியது:

வணக்கம். சர்வரில் நேர்ந்த தாமதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிரல் வழியாக வருவோருக்கு என்.சி.பி.ஐ. வெளிப்படையான வரம்புகளை வைத்திருக்கிறது: இரண்டு வேண்டுகோள்களுக்கு இடையே 10 விநாடியாவது இருக்க வேண்டும், ஒரே தேடலின் நிலையை நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது, 50 தேடல்களுக்கு மேல் அனுப்புவோர் வார இறுதியிலோ அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 முதல் காலை 5 மணிக்குள்ளோ அனுப்ப வேண்டும். அவர்களுடைய அந்த இரவு, கோடைக்காலக் கணக்கில் நமக்குக் காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரை. நீங்கள் மாலையில் விடுதிக்குத் திரும்பி ஓட்டினால், அவர்களுடைய வேலை நேரத்தில்தான் போய் நிற்கிறீர்கள். எப்படியிருந்தாலும் இருநூறு வரிசைகளுக்குச் சொந்தக் கணினிதான் சரியான இடம்.

பயோபைத்தானில் இருந்த கட்டளை வகுப்புகளை அதன் ஆக்குநர்களே ஒதுக்கிவிட்டார்கள். பிளாஸ்ட் பிளஸ் மாறும்போதெல்லாம் அவற்றையும் மாற்றிக்கொண்டிருப்பது பெரிய பளு என்பது அவர்கள் கூறிய காரணம். பைத்தானோடு வரும் சப்பிராசஸ் தொகுதியால் கட்டளையை நேரடியாக அழைக்குமாறு அவர்களே பரிந்துரைக்கிறார்கள். சப்பிராசஸ் ரன் என்ற சார்புக்குக் கட்டளையை ஒரே நீண்ட சரமாகத் தராமல், நிரலின் பெயர், விருப்பத்தின் (ஆப்ஷன்) பெயர், அதன் மதிப்பு என ஒவ்வொன்றையும் தனி உறுப்பாகக் கொண்ட பட்டியலாகத் தாருங்கள். செக் என்பதை ட்ரூ ஆக வைத்தால், பிளாஸ்ட் பிழையோடு முடியும்போது உங்கள் நிரலும் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் வெற்றுக் கோப்பைப் படித்துவிட்டு, பொருத்தமே இல்லை என்று நம்பிவிடுவீர்கள்.

இடைவெளிச் சிக்கலுக்குப் பட்டியல் மட்டும் போதாது. டிபி என்ற விருப்பம் ஒரே நேரத்தில் பல தரவுத்தளங்களை ஏற்கக்கூடியது. அவற்றைப் பிரித்தறிய அது பயன்படுத்துவது இடைவெளியைத்தான். எனவே இடைவெளியுள்ள பாதையைக் கொடுத்தால், அதை இரண்டு தரவுத்தளங்களின் பெயர்களாக எடுத்துக்கொண்டு இரண்டையும் தேடித் தோற்கிறது. பாதையைச் சுற்றி உள்ளேயும் இரட்டை மேற்கோள் குறியிட்டு இதைக் கடக்கலாம். ஆனால் சி டிரைவின் அடியிலேயே இடைவெளி இல்லாத பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்து, பிளாஸ்ட்டிபி என்ற சூழல் மாறியில் அதன் பாதையைப் பதிந்துவிடுவது எளிது. தரவுத்தளத்தின் பெயரை நீட்சி இல்லாமல் கொடுக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். கோப்புறைக்குள் ஒரே பெயரில் பல நீட்சிகளோடு கோப்புகள் கிடப்பதால், அவற்றுள் ஒன்றை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு இதே பிழையைப் பார்ப்பவர்கள் பலர்.

உங்கள் நிரலில் நான் முதலில் மாற்றச் சொல்வது சுழற்சியைத்தான். கோப்புக்கு ஒருமுறை அழைக்கும்போது, ஒவ்வொரு முறையும் பிளாஸ்ட் புதிதாகத் தொடங்கித் தரவுத்தளத்தைத் திறந்து மூடுகிறது. உங்கள் தரவுத்தளம் சிறியது என்பதால் இப்போது அது உறைக்கவில்லை. பெரியதாக இருந்தால் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். எல்லா வரிசைகளையும் ஒரே ஃபாஸ்டா கோப்பில் சேர்த்து ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். பைத்தானுக்குரிய வேலை அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது: முன்னால் பெயர்களைச் சீராக்கிச் சேர்ப்பது, பின்னால் விடையைப் பிரிப்பது. தலைப்பு வரியில் முதல் இடைவெளி வரை உள்ளதையே பிளாஸ்ட் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எல்லாத் தலைப்புகளும் "மாதிரி 1", "மாதிரி 2" என்று இருந்தால் அட்டவணை முழுவதும் "மாதிரி" என்றே வரும். அடிக்கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.

காணாமல் போன வரிசைகளுக்கு வருகிறேன். அவுட்-எஃப்எம்டி 6 என்ற அட்டவணை வடிவம், பொருத்தம் கிடைத்த வரிசைகளை மட்டுமே எழுதும். எதுவும் கிடைக்காத வரிசைக்கு ஒரு வரிகூட இராது. உள்ளிட்ட பெயர்களின் கணத்திலிருந்து விடையில் வந்த பெயர்களின் கணத்தைக் கழித்தால் விடுபட்டவை தெரிந்துவிடும். வடிவம் 7ஐக் கேட்டால், பொருத்தம் சுழியம் என்ற குறிப்புவரி அவற்றுக்கும் வரும். எக்ஸ்.எம்.எல். இந்த வேலைக்குத் தேவையில்லை. வடிவம் 6க்குப் பின் உங்களுக்கு வேண்டிய பத்திகளை நீங்களே பெயர் சொல்லிக் கேட்கலாம்: வினா வரிசையின் பெயர், இலக்கின் பெயர், ஒற்றுமை விழுக்காடு, பொருந்திய நீளம், வினா வரிசையின் முழு நீளம், அதில் பொருந்திய பங்கு, ஈ-மதிப்பு, பிட் மதிப்பெண் (பொருத்தத்தின் வலிமையைக் காட்டும் எண்), இலக்கின் முழுத் தலைப்பு. எண் 6உம் பத்திப் பெயர்களும் சேர்ந்து பட்டியலில் ஒரே உறுப்பாக இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி_பயிர்நோயியல் எழுதியது:

ஈ-மதிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை கிடைத்திருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பே அந்த எண். வினா வரிசையின் நீளத்தையும் தரவுத்தளத்தின் மொத்த நீளத்தையும் பெருக்கி, இரண்டின் அடுக்காகப் பிட் மதிப்பெண்ணை வைத்து வகுத்தால் ஏறத்தாழ அது வரும். எடுத்துக்காட்டாக, 550 எழுத்துகள் கொண்ட வரிசையில் 30 எழுத்துகள் பிசகின்றிப் பொருந்தினால் மெகாபிளாஸ்ட்டில் (பிளாஸ்ட்-என் நிரலின் வேகமான வகை) பிட் மதிப்பெண் சுமார் 56.5. தரவுத்தளத்தில் ஒரு கோடி எழுத்துகள் இருந்தால் ஈ-மதிப்பு ஏறத்தாழ 0.00000005 ஆகும், ஒரு லட்சம் கோடி எழுத்துகள் இருந்தால் 0.005 ஆகிவிடும். பொருத்தம் அதேதான், தேடிய பரப்புதான் மாறியது. ஆகவே இணையதளத்தின் எண்ணும் உங்கள் எண்ணும் இரண்டுமே சரியானவை. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. ஒப்பிட வேண்டியது பிட் மதிப்பெண்ணை. ஆய்வேட்டில் ஒற்றுமை விழுக்காட்டையும் பொருந்திய பங்கையும் சேர்த்தே எழுதுங்கள். 120 எழுத்துகளில் மட்டும் கிடைத்த 100 விழுக்காட்டை 540 எழுத்துகளில் கிடைத்த 99 விழுக்காட்டுக்கு மேலாக வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

தேடுவதற்கு முன், ஆய்வகக் கருவி தந்த அலைவரைபடமான குரோமட்டோகிராமைப் பார்த்து இரு முனைகளிலும் மங்கலான பகுதிகளை வெட்டிவிட்டீர்களா? வெட்டாத முனைகளே ஒற்றுமையைக் குறைத்து, இல்லாத புதிய இனத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்மை மயக்கும்.

நிரலைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஐ.டி.எஸ். பகுதியைப் பூஞ்சைகளின் பொது அடையாளப் பகுதியாக 2012இல் முன்மொழிந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே 2012இல் வியர், ஜான்ஸ்டன், டாம் ஆகியோர் கொலெட்டோட்ரிக்கம் கிளியோஸ்போரியாய்ட்ஸ் என்ற நெருங்கிய இனங்களின் கூட்டத்தைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டபோது, அக்கூட்டத்துக்குள் இருக்கும் பல இனங்களை ஐ.டி.எஸ். கொண்டு மட்டும் பிரிக்க முடியாது என்பதும் தெளிவாயிற்று. மாவில் காணப்படும் ஆசியானம், சியாமென்ஸ், ஃப்ரக்டிகோலா ஆகியவை அந்தக் கூட்டத்தவையே. எனவே உங்கள் தேடல் பேரினத்தையும் கூட்டத்தையும் நம்பகமாகச் சொல்லும்; இனப் பெயரைச் சொல்ல, ஜி.ஏ.பி.டி.ஹெச்., ஆக்டின், பீட்டா-டியூபுலின் போன்ற மரபணுக்களையும் சேர்த்து உறவுமுறை மர வரைபடம் வரைய வேண்டியிருக்கும். பட்டியலின் முதல் வரியில் வந்த இனப் பெயரை அப்படியே ஆய்வேட்டில் எடுத்து எழுதுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தருமபுரி_முதுகலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லா வரிசைகளையும் ஒரே கோப்பாக்கி ஓட்டியதில் விடை உடனே வந்துவிட்டது. விடுபட்டவையாகத் தெரிந்த வரிசைகளைத் திறந்து பார்த்தேன். அவற்றுள் சில மிகக் குறுகியவை, சிலவற்றில் 'N' என்ற (இன்னதென்று அறிய முடியாததைக் குறிக்கும்) எழுத்தே நிறைந்திருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி. வரிசைக்கு ஒரே ஒரு விடை போதும் என்பதற்காக விடைகளின் எண்ணிக்கையை வரம்பிடும் மேக்ஸ்-டார்கெட்-செக்ஸ் விருப்பத்தை 1 என்று வைக்கலாமா?

ஓசூர்_நிரலர் எழுதியது:

வேண்டாம். 2018இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்து பெரிய விவாதம் நடந்தது. அதில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுக்கு நிரலில் இருந்த ஒரு பிழையும் காரணம் என்று கண்டு, 2.8.1 பதிப்பில் என்.சி.பி.ஐ. அதைத் திருத்தியது. ஆயினும் அந்த வரம்பு தேடலின் இடைக்கட்டத்திலேயே செயல்படுவதால், இறுதிக் கணக்கில் முதலிடம் பெறவேண்டியது முன்பே கழிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. 5க்குக் கீழே வைத்தால் இப்போது பிளாஸ்டே எச்சரிக்கிறது. மேலும் மதிப்பெண் சமமாக இருக்கும் இலக்குகளுள் எது முன்னே வரும் என்பது தரவுத்தளத்தில் அவை அடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்தது. மேலே நண்பர் சொன்ன கொலெட்டோட்ரிக்கம் கூட்டத்தில் இப்படிச் சமமாக நிற்பவை பல இருக்கும். 1 என்று வைத்தால் அந்தத் தகவலே உங்கள் கண்ணில் படாது. 50 வரை கேட்டு வாங்கி, பைத்தானின் அட்டவணைத் தொகுதியான பாண்டாஸில் பிட் மதிப்பெண்படி அடுக்கி, சமமாக நிற்கும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்ட்-என் என்று அழைத்தாலும், தேடல் வகையைக் குறிக்கும் டாஸ்க் விருப்பத்தில் எதுவும் சொல்லாவிட்டால் ஓடுவது மெகாபிளாஸ்ட்தான். அது 28 எழுத்துகள் தொடர்ந்து பொருந்தும் இடத்திலிருந்தே தொடங்கும். விடை கிடைக்காத வரிசைகளில் நீளமும் தரமும் சரியாக உள்ளவை இருந்தால், அவற்றை மட்டும் தனிக் கோப்பாக்கி, டாஸ்க் என்பதில் பிளாஸ்ட்-என் என்றே கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். அதற்கு 11 எழுத்துகள் பொருந்தினால் போதும் என்பதால் தொலைவான உறவுகளும் அகப்படும்.

விடையை எந்த வடிவில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லையென்றால், வடிவம் 11இல் சேமியுங்கள். பிளாஸ்ட் ஃபார்மேட்டர் என்ற துணை நிரல், மீண்டும் தேடாமலேயே அதை அட்டவணையாகவும் எழுத்துக்கெழுத்து ஒப்பீடாகவும் மாற்றித் தரும். அந்த மாற்றத்துக்குத் தரவுத்தளமும் தேவை என்பதால் அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதிக்கு பிளாஸ்ட் பதிப்பெண், தரவுத்தளத்தின் பெயர், அதன் தேதி, மொத்த எழுத்துகள் ஆகியவை வேண்டும். பிளாஸ்ட்டிபி-சிஎம்டி நிரலில் இன்ஃபோ என்று கேட்டால் தேதியும் எழுத்து எண்ணிக்கையும் கிடைக்கும். அந்த விடையையும் அதே நிரலிலிருந்து ஒரு கோப்பில் எழுதச் செய்துவிடுங்கள்.