ஃப்ரைடே நைட் லைட்ஸ்: நிற்பது ஆட்டமா, வீடா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு மாதம் உட்கார்ந்து ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடரை முடித்துவிட்டேன். ஐந்து சீசன், 76 எபிசோடு. பார்க்காதவர்களுக்கு: டெக்சாஸில் டில்லன் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே ஒரு பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணி, அதற்கு எரிக் டெய்லர் என்று ஒரு கோச். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் டிராமா என்று கொண்டாடும் இதில் விளையாட்டுதான் ரொம்ப வீக். மேட்ச் என்றாலே கடைசி நொடியில் ஒரு நீள பாஸ், வெற்றி, கண்ணீர். முதல் எபிசோடிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாம் சீசனில் கொலை வேறு! லாண்ட்ரி மாதிரி ஒரு அப்பாவிப் பையன் ஒருத்தனை அடித்துக் கொன்று, பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுகிறான். 2011-இல் முடிந்துபோன இதை இன்னமும் தலையில் வைத்து ஆடுவது ஏன்?

ஓரக்கண்:
கொலைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை சார், அது கிறுக்குத்தனம். நல்லவேளை, 2007-08 ஹாலிவுட் எழுத்தாளர் ஸ்ட்ரைக்கில் அந்த சீசன் 15 எபிசோடோடு நின்றது. மூன்றாம் சீசனில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. பார்ப்பவர்கள் குறைவு என்பதால், தொடரைக் காட்டிய என்பிசி சேனல் கைகழுவியிருக்கும். டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு முதலில் தன் சேனலில் காட்டியது, அப்புறம்தான் என்பிசியில் வந்தது. அதிலிருந்து சீசனுக்கு 13 எபிசோடுதான். எனக்குக் கேட்டால், அந்தக் கஞ்சத்தனம்தான் தொடரைக் காப்பாற்றியது. இழுக்க இடமே இல்லை.

‘ஏன் இன்னமும்’ என்றால், எடுத்த விதம். ஆஸ்டின் பக்கத்தில் நிஜ வீடுகளில், மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒத்திகை இல்லாமல் எடுத்தார்கள். இங்கே நில், அங்கே திரும்பு என்று நடிகர்களுக்குச் சொல்வதில்லை. அதனால்தான் கோச்சாக வரும் கைல் சாண்ட்லரும் அவர் மனைவியாக வரும் கோனி பிரிட்டனும் சமையலறையில் சண்டை போடும்போது ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசுகிறார்கள். நாம் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும்.

நான்காம் சீசனில், கோச்சின் பழைய ஆட்டக்காரன் மேட்டின் அப்பா ஈராக்கில் இறந்த எபிசோடைப் பாருங்கள். டெய்லர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற பையன் திடீரென்று உடைகிறான்: என் வெறுப்பையெல்லாம் அப்பா ஒருத்தர் மேல் போட்டுவிட்டால் வேறு யாரையும் வெறுக்க வேண்டாமே என்று. கோச் எழுந்து அவனை வீடுவரை நடத்திக் கூட்டிப் போகிறார். அடக்கத்தில் அதே பையன் மண்வெட்டியைக் கையில் எடுத்துத் தானே குழியில் மண் தள்ளுகிறான். அந்த எபிசோடில் ஃபுட்பால் எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள் தம்பி? குடும்ப சீரியல் என்று ஒப்புக்கொள்ளுங்கள், பேச்சு முடிந்தது.

டல்லாஸ்_வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஊர்ப் பக்கம் வீடும் ஃபுட்பாலும் தனித்தனி இல்லை ஐயா. எங்களுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்காக 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள், 2012-இல் திறந்தார்கள். காங்கிரீட் விரிசல் விட்டு 2014-இல் மூடி, சரிசெய்து மறுபடி திறந்தது தனிக்கதை. தொடருக்கு மூலம் பிஸ்ஸிங்கர் எழுதி 1990-இல் வந்த புத்தகம்; ஒடெஸா என்ற நிஜ ஊரின் 1988 அணியைப் பற்றியது. அதில் ஒரு மேட்ச் தோற்றதும் கோச் வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ போர்டுகளை நட்டுவைக்கிறார்கள். மேட்ச் முடிவு நேராக வீட்டு வாசலுக்கு வருகிற ஊர். அதைப் படிக்காமல் ஸ்கோரை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதுபோலத்தான் தெரியும்.

ஓரக்கண்:
சரியாகச் சொன்னீர்கள். எல்லாமே கடைசி நொடி வெற்றி என்பதும் சரியில்லை சார். நான்காம் சீசன் தொடக்கம் மறந்துவிட்டதா? கோச்சை ஊரின் ஏழைப் பக்கம், ஈஸ்ட் டில்லன் பள்ளிக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதல் மேட்ச். பாதியில் பையன்கள் ரத்தமும் காயமுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தையே விட்டுக்கொடுக்கிறார். எந்த விளையாட்டுக் கதையில் ஹீரோ முதல் மேட்சைப் பாதியில் கைவிடுவான்?

கணக்குப்பிள்ளை:
அது நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் அதே சீசன் கடைசியில் லாண்ட்ரி ஈஸ்ட் டில்லனுக்காக ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே) உதைத்து, கோச்சின் பழைய பணக்காரப் பள்ளியைத் தோற்கடித்தானே, அது எந்தக் கணக்கில் வரும்?

ஓரக்கண்:
ஐயோ, அந்தக் கிக்! சரி, அது உங்கள் கணக்கு. ஆனால் கடைசி எபிசோடு என் கணக்கு. மாநில இறுதிப் போட்டி, ஈஸ்ட் டில்லன் பையன் வின்ஸ் பந்தை எறிகிறான், பந்து காற்றில் போகிறது. அங்கேயே வெட்டிவிட்டு பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார்கள், சில மாதம் கழித்து. இத்தனை வருஷம் மனைவி கோச்சின் வேலைக்காக இருந்தாள், இப்போது அவள் வேலைக்காக அவர் ஊரைவிட்டு வந்திருக்கிறார். ஜெயித்தார்களா என்பதே வின்ஸின் விரலில் இருக்கும் சாம்பியன் மோதிரத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த மோதிரத்தை நான் கவனிக்கவே இல்லை. இன்றிரவு அதை மட்டும் மறுபடி பார்க்கிறேன். இருக்கட்டும், இரண்டாம் சீசனில், அணிக்கு ஆதரவாக ஓடியாடும் பட்டி காரிட்டி வீட்டோடு கூட்டி வந்து வைத்துக்கொண்ட சாண்டியாகோ என்ற பையன் என்ன ஆனான்? அடுத்த சீசனில் அவன் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லையே. அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.