மூன்று வாரமாகக் காரப்பொடி

தொண்டையார்பேட்டைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவது எங்கள் நான்கு பேருக்கும் பல வருடப் பழக்கம். ஒரே பள்ளியில் படித்தவர்கள். மீன் வாங்கி முடித்ததும் கல்மண்டபம் பக்கம் ஒரு டீ. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பையனுக்கு எந்த காலேஜ் கிடைத்தது, எல்லாம் பேசுவோம். யாருக்கு என்ன சம்பளம், எவ்வளவு கடன் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.

2024 ஜூலையில் ஒரு ஞாயிறு. நண்பன் என் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, மூணு வாரமா காரப்பொடியே வாங்கினு கீற?" என்றான். காரப்பொடி விலை குறைந்த சின்ன மீன்.

"தடைக்காலம்டா, வஞ்சிரம்லாம் வெல ஏறிப்போச்சு."

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் நின்றுகொண்டு அதைச் சாக்காகச் சொன்னால் யார் நம்புவார்கள்? "தட முடிஞ்சு ஒரு மாசம் ஆவப்போவுது. இன்னா விஷயம், சொல்லு" என்று ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

அப்போதும் "கொஞ்சம் டைட்டுடா" என்று சொல்லிச் சமாளிக்கத்தான் பார்த்தேன். அந்தச் சொல்லைக் கேட்டால் எதிரில் இருப்பவருக்குக் கைமாத்து கேட்கப் போகிறான் என்றுதான் தோன்றும். அவன் முகம் மாறியதைப் பார்த்ததும், "உன்கிட்ட துட்டு கேக்கலடா, நான் சொல்றத கேட்டா போதும்" என்றேன். அப்புறம் தொகையையே சொல்லிவிட்டேன். கிரெடிட் கார்டு பாக்கி 82,000. தண்டல், அதாவது தினம் வசூலிக்கும் கடன், பாக்கி 26,000. சித்தப்பா மகனிடம் வாங்கியது 30,000. மொத்தம் 1,38,000. சம்பளம் 27,000. அதை முதன்முதலாக என் வாயாலேயே மொத்தமாகக் கேட்டேன். அதுவரை நானே கூட்டிப் பார்த்ததில்லை.

அவன் பெரம்பூர் லோகோ ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறவன், கணக்கில் கெட்டி. டீக்கடையில் ஒரு பேப்பரை வாங்கி எழுத ஆரம்பித்தான். தண்டலில் 20,000 என்று சொல்லிக் கையில் 17,000 கொடுப்பார்கள். நாளுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 3,000 பிடித்தம்தானே, பதினைந்து சதவீதம்தானே என்று நான் இருந்தேன். அவன் கேட்டான்: "17,000 நூறு நாளும் உன் கையிலயா இருக்கு? தினம் திருப்பிக் கட்டிக்கினே வர்ற. சராசரியா பார்த்தா பாதிதான் உன்கிட்ட இருக்கு. 8,500க்கு நூறு நாள்ல 3,000 வட்டி. மாசத்துக்குப் பத்து வட்டிக்கு மேல போவுதுடா." எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது. அது மாதிரி இரண்டு தண்டல் ஓடிக்கொண்டிருந்தது. தினம் 400, மாதம் 12,000. என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கார்டிலோ மாதம் மூன்றரை சதவீதம், அதாவது 2,800 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. மினிமம் தொகையைக் கட்டிவிட்டு அந்த மாதம் தப்பித்தோம் என்று இருந்திருக்கிறேன்.

"வூட்ல நகை இருக்கா?" என்றான். மனைவியின் இரண்டு வளையல், மூன்று பவுன். ஆனால் அவளுக்கு இந்தக் கடன் எதுவுமே தெரியாது. "அப்ப மொதல்ல அவங்ககிட்ட சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரியே ரூபா கணக்கா சொல்லு" என்றான்.

அன்று ராத்திரி சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடன் வாங்கியதைவிட மறைத்ததுதான் அவளுக்கு வலித்தது, அது நியாயம். மூன்றாம் நாள் அவளே வளையலை எடுத்துக்கொண்டு என்னோடு வங்கிக்கு வந்தாள். ஆண்டுக்கு ஒன்பது சதவீதம், நம் பேச்சில் சொன்னால் முக்கால் ரூபாய் வட்டி. 1,10,000 வாங்கித் தண்டலையும் கார்டையும் ஒரே நாளில் முடித்தோம். மாத வட்டி 825 ரூபாய். சித்தப்பா மகனுக்கு மாதம் 3,000 தருகிறேன் என்று நேரில் போய்ச் சொன்னேன். "இதத்தான் அண்ணா எதிர்பார்த்தேன், நீங்க போன எடுக்காததுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றான்.

வியாசர்பாடி அக்கா:

தம்பி, உங்களுக்கு நல்ல நண்பர் அமைந்தார். எனக்கு நடந்தது வேறு. கூட வேலை பார்த்த தோழிக்கு வங்கிக் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவள் சம்பளம் என்ன, ஏற்கெனவே என்ன கடன் என்று கேட்கவே இல்லை. கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று கூச்சம். அவள் கட்டாமல் விட்டாள். கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு என்று வங்கியிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண்ணும் இறங்கி, பையன் படிப்புக்குக் கேட்ட கடன் தள்ளிப்போனது.

போன வருடம் இன்னொரு தோழி, எங்கள் மகளிர் குழுவில் இருப்பவள், கையெழுத்து கேட்டாள். இந்த முறை என் பாஸ்புக்கையே எடுத்துக் காட்டினேன். "இதுதான் என் நிலைமைடி. நீ கட்டலைன்னா என்னால கட்ட முடியாது" என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ உட்கார்ந்து தன் கணக்கைச் சொன்னாள். குழுவிலேயே சின்னக் கடனாக எடுத்தால் போதும் என்று தெரிந்தது. இன்றும் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஆனால் ஒன்று, வேலை செய்கிற இடத்தில் சம்பளத்தைச் சொல்லாதீர்கள். நான் ஒருத்தியிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் முதலாளி வரை போய்விட்டது. ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வளையலை மீட்டாச்சா தம்பி?

தொண்டையார்பேட்டைக்காரன்:

இன்னும் இல்லை அக்கா. 38,000 பாக்கி இருக்கிறது, பொங்கலுக்குள் முடித்துவிடுவேன். போன வாரம் அந்த நண்பன் டீக்கடையில் என்னை மட்டும் நிறுத்தி வைத்து, "உன்கிட்ட துட்டு கேக்கலடா" என்று ஆரம்பித்தான். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன், 6 லட்சம். ரயில்வே சம்பளம், அவனுக்கென்ன குறை என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த ஞாயிறு பேப்பரும் பேனாவும் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.