மறு: ஹாப்டிக், சாஃப்ட் ரோபோடிக்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஹாப்டிக் (கருவி நம் கைக்குத் தொடுதலையும் விசையையும் உணர்த்துவது), சாஃப்ட் ரோபோடிக்ஸ் (ரப்பர்போல் வளையும் உடலுள்ள ரோபோக்களின் துறை) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹாப்டிக் ஃபீட்பேக்குக்குத் "தொடுவுணர்வு" என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அறுவைப் பயிற்சிக்குள் போனால் அந்தச் சொல் பாதி வேலையைத்தான் செய்யும். முதுகில் எபிடியூரல் ஊசி (தண்டுவட உறையை ஒட்டிய இடத்தில் மரக்க மருந்து செலுத்தும் ஊசி) போடப் பழகும் மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை முதுகெலும்புகளை இணைக்கும் மஞ்சள் தசைநாருக்குள் இருக்கும்வரை சிரிஞ்சின் தண்டு கட்டைவிரலை எதிர்த்து நிற்கும். தாண்டிய நொடியில் அந்த எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போகும். இதில் தசைக்கும் மூட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. அதே மருத்துவர் சிலிக்கோனில் வார்த்த கல்லீரல் மாதிரியில் கட்டியின் ஓரத்தைத் தடவித் தேடும்போது தோலின் வேலை கூடிவிடுகிறது. விரல்நுனியின் மெர்க்கல் செல்கள் விளிம்பையும் அழுத்தத்தையும் சொல்லும். தோலின் ஆழத்தில் இருக்கும் பாசினியன் உணர்வுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வை மிக நன்றாகப் பிடிக்கும்.

எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். தோலுக்குத் தருவது தொடுகைப் பின்னூட்டம்; கைக்கும் மூட்டுக்கும் தருவது விசைப் பின்னூட்டம். கருவி செய்பவர்களுக்கும் இந்தப் பிரிவு தேவை. விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை கணக்கிட்டுத் தந்தால்தான் கெட்டியான பரப்பு கையில் கெட்டியாகவே தெரியும். திரையில் ஓடும் படத்துக்கோ நொடிக்கு 30 சட்டகம் போதும். மருத்துவர் தள்ளி உட்கார்ந்து இயக்கும் டா வின்சி அறுவை ரோபோ 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. திசுவில் படும் விசை அதில் கைக்குச் சரியாகத் தெரியாது. அதனால் இழுக்கும் நூல் எவ்வளவு விறைக்கிறது, திசு எங்கே வெளுக்கிறது என்று கண்ணால் பார்த்தே விசையை ஊகிக்க அறுவை மருத்துவர்கள் பழகிக்கொண்டார்கள். 2024இல் அனுமதி பெற்ற டா வின்சி 5இல்தான் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதுபவர் "தொடுவுணர்வு வந்துவிட்டது" என்று எழுதினால் அது தவறான தகவல். வந்தது விசைப் பின்னூட்டம்.

சரி, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்? பழைய சொற்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. குறள் ஐம்புலன்களை எண்ணும்போது தொடுபுலனை "ஊறு" என்கிறது. இன்று ஊறு என்றால் தீங்கு, அறுவைக் கருவிக்கு அந்தப் பெயர் ஆகாது. தொல்காப்பியத்தின் "உற்றறிதல்" எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் "உற்றுநோக்கல்" பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டதால், உற்றறி என்றாலும் கண்ணால் கூர்ந்து பார்ப்பது என்றே மாணவர்கள் கொள்வார்கள். சித்த மருத்துவத்தில் தொட்டுப் பார்த்து நோயறிவது "பரிசம்". கல்யாணப் பரிசம்தான் எல்லாருக்கும் முதலில் நினைவு வரும்.

அதனால் "தொட்டறி" என்பதை முன்வைக்கிறேன். தொட்டறி நுட்பம், தொட்டறி கையுறை, தொட்டறி பயிற்சிக்கருவி. எங்கே ஒட்டினாலும் உறுத்தவில்லை. தொடுதிரையில் விரல் கருவிக்குச் செய்தி சொல்கிறது. இங்கே கருவி விரலுக்குச் சொல்கிறது. "அறி" சேர்ந்ததும் அந்தத் திசை தெளிவாகிவிடுகிறது. பின்னூட்டத்துக்குப் பதிலாக "மீட்சி" வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இயற்பியலில் மீட்சித்தன்மை என்பது இழுத்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மை. ரப்பரும் சிலிக்கோனும் புழங்கும் துறையில் இந்த மோதல் வேண்டாம்.

அப்புறம், சாஃப்ட் ரோபோவுக்குச் சொல்லப்படும் "மென்ரோபோ". இதை நான் ஏற்கவில்லை. மென்பொருள், மென்படி (சாஃப்ட் காப்பி) என்று கணினித் தமிழில் "மென்" ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. மென்ரோபோ என்றால் அரட்டையில் பதில் சொல்லும் நிரல் என்றுதான் படிப்பார்கள். "நெகிழ் ரோபோ" என்றால் நெகிழி குறுக்கே வரும்.

என் பரிந்துரை "மெல்லுடல் ரோபோ". பள்ளி உயிரியலில் நத்தை, கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் மெல்லுடலிகள். இந்தத் துறையே ஆக்டோபஸின் கையைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டது. 2012இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஸ்டிஃப்-ஃப்ளாப் திட்டம், சிறு துளை வழியாக உடலுக்குள் போய் வளைந்து வேலை செய்யும் கையை அப்படித்தான் வடிவமைத்தது. சிலிக்கோன் உடலுக்குள் காற்றறைகள். எந்த அறையில் அழுத்தம் ஏறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கை வளையும். தேவையான இடத்தில் விறைக்கவும் வேண்டும். அதற்கு ஒரு வழி, ரப்பர் உறைக்குள் காப்பித்தூள் போன்ற துகள்களை நிரப்பிக் காற்றை உறிஞ்சுவது. துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கி, காற்றில்லாமல் அடைத்த காப்பிப் பொட்டலம்போல் கெட்டியாகிவிடும். காற்றை விட்டால் மறுபடி தளரும். இதைத் "துகள் நெரிப்பு" என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

முன்னே சொன்ன கல்லீரல் போன்ற பயிற்சி மாதிரிகளிலும் இதே காற்றறை நுட்பம்தான். மாதிரிக்குள் புதைத்த காற்றறையில் அழுத்தத்தை ஏற்றி இறக்கினால், ஒரே மாதிரியில் இன்று கெட்டியான கட்டி, நாளை இளகிய கட்டி. மாணவர் விடையை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஸ்டிஃப்னெஸ், ஹார்ட்னெஸ் இரண்டுக்குமே "கடினத்தன்மை" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். முதலாவது வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது, இரண்டாவது பரப்பில் தடம் பதிக்க எவ்வளவு வேண்டும் என்பது. முதலாவதுக்கு "விறைப்பு" சரிவருமா? பொருளறிவியல் கற்பிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். அது தெரிந்தால் இந்தத் தொகுதியை முழுதாகச் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.