புதுப்பிப்பு: பின்கதவு விவகாரம், கோளாறு பூட்டில் இல்லை

யாரோ பின்கதவை உதைத்துப் பார்த்திருக்கிறார்கள், பெரிய பூட்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பூட்டை விடுங்க, கதவு நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டைக் கழற்றிப் பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தகட்டைப் பிடித்திருந்தவை இரண்டே ஸ்க்ரூ, சுண்டுவிரல் நக நீளம். ஒன்று கையோடு வந்துவிட்டது! கனமான தகடு வாங்கி, நிலையைத் தாண்டிச் சுவர்வரை இறங்கும் 75 மி.மீ. ஸ்க்ரூக்களைப் போட்டேன்.

எதிர்பாராதது: புதுத் தகட்டின் துளை ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கீழே போய்விட்டது. நாக்கு இடித்துப் பாதியில் நின்றது. சாவி முழுச் சுற்று வராததால்தான் தெரிந்தது. பாதி நாக்கில் நிற்கும் பூட்டு பேருக்குத்தான் பூட்டு. நாக்கில் லிப்ஸ்டிக் தடவிப் பூட்டிப் பார்த்து, கறை பட்ட இடத்தை அரத்தால் ராவினேன். அப்புறம் சரியாகிவிட்டது. கீல்களிலும் தலா ஒரு நீள ஸ்க்ரூ. கேமரா இன்னும் வாங்கவில்லை.