எட்டு மாதக் குழந்தைக்கு அங்கன்வாடி சத்துமாவு போதுமா?

கேள்வி (பொருநைக்கரை):
என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. பேறுகாலத்திற்காகத் தாய் வீட்டிற்கு வந்த நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன். ஆனால் எங்கள் இருவரின் பெயரும் புகுந்த வீட்டு ஊர் அங்கன்வாடியில்தான் உள்ளன. மாமியார் அங்கு வாங்கும் சத்துமாவைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்புகிறார். அதிலும் பாதி அங்கேயே கொழுக்கட்டையாகிவிடுகிறது. வருவதைத் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் நீர்க்கக் காய்ச்சிப் பாட்டிலில் கொடுக்கிறேன். இரண்டு மாதங்களாக எடை 6.6 கிலோவிலேயே நிற்கிறது. மாவில் சத்து போதவில்லையா? கடையில் விற்கும் டப்பா உணவுக்கு மாறலாமா?

மறுமொழி 1 (பணி ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்):
மாவின் மீது குறை இல்லை, சகோதரி. நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் ஆகியவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்ந்ததுதான் அந்த மாவு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவின் மூலம் நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வகுத்த அளவு; 2023இல் அந்த அளவுகள் திருத்தப்பட்டன. இந்த வயதில் வயிறு ஒரு டம்ளர் அளவுதான் கொள்ளும் என்பதால், நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையுமே தவிர உடம்பில் ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி சட்டென்று வழிந்துவிடாத பதத்தில் காய்ச்சி, இறக்கியதும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய் விட்டு, பாட்டிலைத் தவிர்த்துக் கிண்ணத்திலிருந்து ஊட்டுங்கள். இப்போது இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதம் முடிந்தபின் மூன்று நான்கு வேளை கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மாவில் வெல்லம் இருப்பதால் சர்க்கரை சேர்க்காதீர்கள். ஒரு வயது வரை தேனும் கூடாது. ஒரு வேளையாவது இனிப்பில்லாமல், பருப்பும் கீரையும் மசித்த சோறு கொடுத்தால்தான் நாக்கு வீட்டுச் சாப்பாட்டிற்குப் பழகும்.

கொழுக்கட்டையாவது பரவாயில்லை. எங்கள் பகுதியில் கறவை மாட்டுக்குக் கரைத்து வைத்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், ‘பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது’ என்பார்கள்.

மறுமொழி 2 (கிராம சுகாதார செவிலியர்):
பதத்தைப் பற்றி மேலே கூறியிருப்பது சரி. ஆயினும் இரண்டு மாதம் எடை ஏறாமல் இருப்பதைக் கஞ்சியோடு முடித்துவிட முடியாது. இந்த எடை வளர்ச்சி அட்டையின் அபாயக் கோட்டிற்குச் சற்று மேலே இருந்தாலும், குழந்தையின் எடைக்கோடு மேலேறாமல் படுத்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அங்கன்வாடியில் மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் தேவை, 11.5க்குக் குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து மருந்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, அங்கன்வாடிப் பயனாளிகளைப் பதிவு செய்யும் போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்திற்குப் பயனாளியை மாற்ற வழி உண்டு. இப்போது இருக்கும் ஊரின் பணியாளரிடம் தெரிவித்தால் போதும். தாய்க்கான உணவு பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரைதான் என்பதால், இனி வருவது முழுவதும் குழந்தையின் பங்கு. இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. இன்று காலை கரண்டியில் நிற்கும் பதத்தில் காய்ச்சினேன். முதல் இரண்டு வாயைத் துப்பிவிட்டு, மூன்றாவதை விழுங்கினாள். அங்கன்வாடிக்கு நாளை செல்கிறேன்.