டயரில் ஒட்டும் ரப்பர் எழுத்து: 'ஒட்டெழுத்து' என்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

டயரின் பக்கவாட்டில் ஒட்டும் ரப்பர் எழுத்துகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை ஸ்டிக்கர் எழுத்து, பதிப்பெழுத்து, புடைப்பெழுத்து. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பொருள் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

ஸ்டிக்கரை முதலில் தள்ளிவிடலாம். டயரின் பக்கச்சுவர், அதாவது பக்கவாட்டில் தெரியும் ரப்பர் பகுதி, அசையாமல் நிற்கும் பரப்பு அல்ல. தரையைத் தொடும் இடத்துக்கு மேலே வண்டியின் பாரத்தால் அது வெளியே பிதுங்கும், சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு எழுத்தும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வளைந்து நிமிர வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் படலம் இதற்குத் தாங்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும். சாதாரணப் பெயின்ட் வெடித்துவிடும். அதனால்தான் இந்த எழுத்துகளை ரப்பரிலேயே செய்கிறார்கள்.

பதித்தல் என்றால் உள்ளே இறக்குவது. இங்கே எதுவும் உள்ளே போகவில்லை, அதனால் பதிப்பெழுத்தும் வேண்டாம்.

புடைப்பெழுத்து உண்மையிலேயே நல்ல சொல், புடைப்புச் சிற்பம் இருப்பதால் கேட்டவுடன் புரியும். ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. டயரின் பெயரும் '205/55 ஆர் 16' போன்ற அளவும் டயரை வார்க்கும் அச்சிலேயே எழும்பி வருகின்றனவே, அவைதான் புடைப்பெழுத்துகள். 1970-களின் அமெரிக்கக் கார்களில் பார்க்கும் வெள்ளை எழுத்துகளும் இந்த வகைதான்: பக்கச்சுவருக்குள் ஒரு வெள்ளை ரப்பர் அடுக்கு, அதன்மேல் மெல்லிய கறுப்புத் தோல், எழுத்தின் முகத்தில் மட்டும் அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தால் வெள்ளை வெளியே வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளைக்குக் கட்டுரை எழுதுபவர் திண்டாடுவார்.

என் பரிந்துரை 'ஒட்டெழுத்து'. ரப்பர்மேல் ரப்பர் வைப்பதற்கு மக்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது, பஞ்சர் 'ஒட்டுகிறோம்'. வேலையும் ஏறக்குறைய அதேதான்: தேய்த்து, துடைத்து, பசை தடவி, அழுத்திப் பிடிப்பது. ஸ்டிக்கரோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்டிக்கரைப் பேச்சில் எல்லோரும் ஸ்டிக்கர் என்றேதான் சொல்கிறோம், ஆகவே ஒட்டெழுத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், செய்முறைக்கும் சொற்கள் வேண்டும். புது டயரில் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசியதன் மிச்சம் இருக்கலாம், பழைய டயரில் பளபளப்புக்காகத் தடவிய சிலிக்கான் இருக்கும், போதாததற்கு ரப்பரைக் காக்கச் சேர்த்த மெழுகு உள்ளிருந்து மேலே கசிந்து வந்துகொண்டே இருக்கும். இவை போகும்வரை அசிட்டோன் நனைத்த துணியால் அழுத்தித் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. இதற்கு 'பரப்புத் துடைப்பு' போதும், பெரிய சொல் எதற்கு? எழுத்துகள் டயரின் வட்டத்துக்கு ஏற்ற வளைவில், முன்பக்கம் ஒட்டிய ஒரு தாளில் வரிசையாக வருகின்றன, எழுத்துக்கு எழுத்து இடைவெளி கலையாமலிருப்பது அந்தத் தாளால்தான். அதை 'தாங்குதாள்' எனலாம். பசை பிடித்தபின் உரித்துவிடுவோம்.

பக்கச்சுவர் என்ற சொல் மட்டும் எனக்கு உறுத்துகிறது, வளைந்து பிதுங்கும் ஒன்றைச் சுவர் என்பானேன்? 'டயர் விலா' என்று சொன்னால் என்ன? வாகனத் துறையில் இருப்பவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள், மற்ற சொற்களை அதன்பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.