எம்.பி.எச். படிக்க உதவித்தொகை: பிசியோதெரபிஸ்டுக்குக் கிடைக்குமா?

வீடுவீடாய்

வணக்கம். நான் பி.பி.டி. (பிசியோதெரபிப் பட்டம்) முடித்தவள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மூன்று வருஷத்துக்கு மேலாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஒப்பந்த வேலைதான். வாரத்தில் ஐந்து நாள் வண்டியில் ஊர் ஊராகப் போய், பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது என் வேலை.

போன வருஷம் ஒரு பாட்டி வீட்டில் தோள்பட்டைப் பயிற்சிக்குக் கருவி எதுவும் இல்லாமல், மூடிப்போன கிணற்றின் கப்பியைக் கழற்றி வேப்பமரக் கிளையில் கட்டி, ஒரு பழைய சேலைக் கிழிசலை மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் என் நோட்டில் இருக்கும் 61 பக்கவாத நோயாளிகளில் 44 பேர், பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள். நான் போவது எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் நடப்பதைப் படிக்க வேண்டும் என்றுதான் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருக்கிறது, கூடவே “20 சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப்” என்று ஒரு கடிதமும். வீட்டில் எல்லோரும் எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா நிலமில்லாத கூலி விவசாயி. அடமானம் வைக்க எங்கள் வீடு மட்டும்தான் இருக்கிறது. பட்டம் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது, மதிப்பெண் 68 சதவீதம், வயது 28. டாக்டர் இல்லாத எனக்கு முழு உதவித்தொகை யாராவது தருவார்களா? இல்லை, வீட்டை வைத்துவிட்டுப் போவதா?

ஒருமுறைபட்டவன்

வீட்டை வைக்காதீர்கள் சகோ. நானும் இப்படி ஒரு கடிதத்தை நம்பி, எங்கள் ஊரில் ஒரு ஏஜென்சியில் “முழு ஸ்காலர்ஷிப் கேரண்டி” என்றதும் 35,000 கட்டினேன். அவர்கள் செய்தது, இணையத்தில் இலவசமாக நிரப்பக்கூடிய ஒரு படிவத்தை நிரப்பியது. அதிலும் என் அப்பா பெயர் தப்பு.

சூளைக்காற்று

முதலில் அந்த 20 சதவீதக் கணக்கைப் போட்டுவிடுவோம். கட்டணம் 24,000 பவுண்ட் என்று வையுங்கள். 20 சதவீதம் போனால் 19,200. பவுண்டை 110 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 21 லட்சத்தைத் தாண்டுகிறது. இதற்கு மேல் விசாவுக்காக ஒன்பது மாதத் தங்கல், சாப்பாட்டுச் செலவுக்கான பணத்தை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்ட் கட்ட வேண்டும், அப்புறம் விமான டிக்கெட். ஆடித் தள்ளுபடியை எந்தக் கடையும் ஸ்காலர்ஷிப் என்று சொல்வதில்லை. இதுவும் தள்ளுபடிதான்.

நான் பி.எஸ்சி. நர்சிங். திருநெல்வேலிப் பக்கம் காசநோய்த் திட்டத்தில் எஸ்.டி.எஸ். (சிகிச்சை மேற்பார்வையாளர்) ஆக நான்கு வருஷம் பைக் ஓட்டிவிட்டு, காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப்பில் வடக்கு இங்கிலாந்தில் எம்.பி.எச். படித்தேன். கட்டணம், டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது, அதனால் தோற்ற கதையும் தெரியும்.

நீங்கள் செய்த தப்பைத்தான் நானும் செய்தேன். முதலில் பல்கலைக்கழகத்தைப் பிடித்துவிட்டு, பிறகு பணத்தைத் தேடினேன். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். யார் முழுப் பணம் தருகிறார்கள், அவர்கள் எந்தப் படிப்புக்குத் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்தப் படிப்புக்கு மனுப் போட வேண்டும். ஷேர்டு ஸ்காலர்ஷிப்புக்குப் பல்கலைக்கழகம், படிப்பு எல்லாம் பட்டியலாகவே வரும். அதில் இல்லாத படிப்பில் இடம் வாங்கி வைத்திருந்தால் அந்த இடத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சொந்தச் செலவில் பிரிட்டனில் படிக்க முடியாதவர்களுக்காகவே வைத்த திட்டம் அது. உங்கள் அப்பா கூலி விவசாயி என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களுக்குப் பொருந்துபவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அவசரமானது ஜெர்மனியின் டாட் (DAAD) நிறுவனம் தரும் ஈபாஸ் (EPOS) உதவித்தொகை. இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நீங்கள் ஐந்து என்கிறீர்கள். அதாவது இந்த ஒரு முறைதான், தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மனுவை நேராகப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகத்துக்கே அனுப்ப வேண்டும். ஹைடெல்பர்க், பெர்லின் இரண்டு ஊர்களிலும் சர்வதேச சுகாதாரப் படிப்புகள் இருக்கின்றன. உதவித்தொகைப் பட்டியலில் அந்த வருஷம் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள்: லெட்டர்பேட், கையெழுத்து, முத்திரை, அண்மைத் தேதி, நான்கும் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகங்களில் இந்த நான்கும் ஒரே நாளில் ஒரே மேஜையில் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

செவனிங் பிரிட்டிஷ் அரசுடையது. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். நீங்கள் முழுநேரம் மூன்று வருஷம் செய்தது அதற்குத் தாராளமாகப் போதும், ஒப்பந்த வேலை என்று கூசத் தேவையில்லை. மூன்று படிப்புகளைக் குறிப்பிடலாம், மனுப் போடும்போது கையில் இடம் இருக்க வேண்டிய அவசியமில்லை. முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும்.

ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை அமெரிக்காவுக்கு. அவர்கள் எடுக்கும் துறைகளில் பொதுச் சுகாதாரமும் உண்டு. சம்பளத்தோடு மூன்று வருஷ முழுநேர வேலையும் பட்டத்தில் 55 சதவீதமும் கேட்பார்கள். மூன்று வருஷப் பட்டக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது, உங்கள் பி.பி.டி. நாலரை வருஷம் என்பதால் பயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. ஆனால் போட்டி உலகம் பூராவும்.

எங்கே போட்டாலும் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரி ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பல ஆயிரம் ஆகும், அதற்கு மட்டும் இப்போதே சேர்த்துவையுங்கள். கல்லூரிப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் (மொத்த மதிப்பெண் விவரச் சான்று) இன்றே மனுக் கொடுத்துவிடுங்கள். எனக்குப் பதினொரு வாரம் ஆனது. அந்த ஜன்னலில் இருந்த அண்ணனுக்குக் கடைசியில் என் பெயர், ஊர், அத்தை மகன் கல்யாணத் தேதி வரை தெரிந்துவிட்டது.

கடைசியாகக் கட்டுரை. முதல் முறை நான் “சிறு வயது முதலே மக்கள் சேவையில் நாட்டம்” என்று தொடங்கினேன். இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி. இரண்டாம் முறை ஒரே விஷயத்தை எழுதினேன். எங்கள் வட்டாரச் செங்கல் சூளைகளில் வேலை பார்க்கும் காசநோயாளிகள், மழை தொடங்கிச் சூளை அணைந்ததும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மருந்து பாதியில் நின்றுபோகும். ஒரு பருவத்தில் 23 பேரின் நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோயாளிப் பதிவு எண்) குறித்துக்கொண்டு, அவர்கள் போய்ச் சேரும் ஊர்களின் எஸ்.டி.எஸ்.களை முன்கூட்டியே போனில் பிடித்தேன். 19 பேர் விடாமல் மருந்து எடுத்தார்கள். நான்கு பேரைத் தவறவிட்டோம், ஏன் தவறவிட்டோம் என்பதையும் எழுதினேன். நேர்முகத்தில் அந்த நான்கு பேரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

உங்களிடம் 61-இல் 44 இருக்கிறது. கட்டுரை அங்கேயே இருக்கிறது, கப்பியையும் சேர்த்து. நோயாளிகள் பெயர், ஊர் மட்டும் வேண்டாம். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறீர்களா?

மேனகா_எம்பிஎச்

சூளைக்காற்று அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஒன்று, பட்டியல் சமூகத்தவர், பழங்குடியினர் என்றால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது, வருஷத்துக்கு 36 லட்சம் வரை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. அதில் 125 இடம், பெரும்பகுதி பட்டியல் சமூகத்தவருக்கு. ஆனால் நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் குடும்பத்துக்கு என்றும் ஒரு பிரிவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நான்கே இடம்தான். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டத்தில் 60 சதவீதம். மூன்றும் உங்களுக்குச் சரியாக வருகிறது. தாலுகா ஆபீஸில் அப்பா பெயரில் நிலம் இல்லை என்ற சான்றுக்கு அலையத் தயாராக இருங்கள்.

இரண்டாவது, வெளிநாடு போயே ஆக வேண்டுமா? நான் டாக்டர் இல்லை, சமூகப்பணி படித்தவள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் எம்.பி.எச். முடித்தேன். 1997 முதல் நடத்துகிறார்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் டாக்டர் அல்லாதவர்களைச் சேர்க்கிறார்கள், உங்களுக்கு ராத்திரி பஸ்தான். பிரிட்டிஷ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்கே கட்டுவது ஒன்றுமே இல்லை. ஏழரை லட்சத்துக்குள் படிப்புக் கடன் என்றால் அடமானம் கேட்க மாட்டார்கள், வீடும் தப்பிக்கும். வெளிநாட்டு ஆசையை அப்புறம் பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பெரும்பாலும் அவர்களே சம்பளம் மாதிரிக் கொடுப்பார்கள்.

அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது: கிராமத்துப் பிரஷர் மாத்திரைப் பிரச்சினையைப் படிக்க வடக்கு இங்கிலாந்து எதற்கு?

சூளைக்காற்று

கோபமில்லை. எனக்கு அங்கே கிடைத்தது புள்ளியியல், அப்புறம் “இந்த எண் எங்கிருந்து வந்தது” என்று பேராசிரியரையே கேட்கும் தைரியம். அது திருவனந்தபுரத்திலும் கிடைக்கும் என்றால் நல்லதுதான். இரண்டுக்கும் போடட்டும்.

வீடுவீடாய்

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. ராத்திரி இரண்டு முறை படித்தேன். வீட்டில் தள்ளுபடிக் கணக்கைச் சொன்னதும் அம்மா, “அப்ப அது ஸ்காலர்ஷிப் இல்லையா, நான் தெருவெல்லாம் சொல்லிட்டேனே” என்றார். அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

பட்டச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷம் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. ஈபாஸ், செவனிங், ஷேர்டு மூன்றுக்கும் போடப் போகிறேன், கூடவே ஜிப்மர். தேசிய உதவித்தொகைக்குச் சான்று வாங்க அப்பா நாளைக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறார். “நிலம் இல்லேன்னு எழுதி வாங்கவும் அலையணுமா” என்று கேட்டுவிட்டு, சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறார்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டீர்களே அண்ணா. 44 பேரையும் கேட்கவில்லை, அது என் தப்பு. இன்றைக்கு வழியில் ஆறு பேரைக் கேட்டேன். மூன்று பேர், “தலைசுத்தல் நின்னுடுச்சு, அதான் மாத்திரையும் நிறுத்திட்டேன்” என்றார்கள். ஒருவர் ஆறு மாதம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், மாத்திரை அட்டை ஊரிலேயே இருந்திருக்கிறது. ஒரு அம்மா, கணவருக்கும் சேர்த்து ஒரே அட்டையிலிருந்து ஆளுக்கு ஒரு நாள் என்று எடுத்திருக்கிறார். கப்பிப் பாட்டி மட்டும் பதில் சொல்லவில்லை. பேத்தியைப் பார்த்தார், பேத்தி தரையைப் பார்த்தாள். அடுத்த வாரம் தனியாகக் கேட்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மருத்துவ அலுவலரைப் பார்த்தேன். உடனே ஒத்துக்கொண்டார், நல்ல மனிதர். கையெழுத்து ரெடி, தேதி ரெடி, முத்திரையும் மேஜை மேலேயே இருந்தது. லெட்டர்பேட் தீர்ந்துவிட்டதாம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.